ஸ்க்ரைபஸை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்வது: எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது?

திருவல்லிக்கேணியில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், சிறுபத்திரிகை என எல்லா வேலையும் லினக்ஸில்தான் நடக்கிறது. பக்க வடிவமைப்புக்கு ஸ்க்ரைபஸ், படங்களுக்கு கிம்ப். இந்த இரண்டையும் நானே சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து, அதாவது மூல நிரலை ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டி, வைத்துக்கொள்கிறேன். எப்படி என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டதால் எழுதிவிடுகிறேன்.

கடை கம்ப்யூட்டரில் இருப்பது டெபியன் 12 என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோ (தொகுப்பு). அதன் களஞ்சியத்தில் ஸ்க்ரைபஸ் 1.5.8தான் கிடைக்கும். 1.6.0 பதிப்பு 2024 ஜனவரியில் வெளிவந்தது. தமிழ் அச்சு வேலை செய்பவர்களுக்கு இந்த மென்பொருளின் வரலாற்றில் முக்கியமான திருப்பம் 2017இல் வந்த 1.5.3. அதற்கு முந்தைய பதிப்புகளில் 'கொ' என்று அடித்தால் ஒற்றைக்கொம்பும் காலும் தங்கள் இடத்தில் உட்காராது. அரபு எழுத்துக்காக ஓமான் நாட்டுக் குழு ஒன்று உழைத்து ஹார்ஃப்பஸ் லைப்ரரியை (எழுத்துகளைச் சரியான வடிவில் கோத்துக் கொடுக்கும் நிரல் தொகுப்பு) உள்ளே கொண்டுவந்தது. அந்த உழைப்பால் தமிழும் சரியாக வரத் தொடங்கியது. கட்டற்ற மென்பொருளை நான் நேசிக்க இது ஒன்றே போதும்.

முதலில் ஒரு கேள்வி: உங்களுக்குக் கம்பைல் செய்ய வேண்டிய தேவை உண்மையிலேயே இருக்கிறதா? புதிய பதிப்பு மட்டும் போதும் என்றால் ஆப்இமேஜ் இருக்கிறது, ஃபிளாட்பேக் இருக்கிறது, இரண்டும் ஏற்கெனவே கட்டி வைத்த வடிவங்கள். இறக்கி ஓட்டிவிடலாம். ஒரு குறிப்பிட்ட பிழைத்திருத்தம் வேண்டும், ஒரு இறக்குமதி வசதி கட்டாயம் வேண்டும், கோடில் நீங்களே ஒரு வரி மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

தனி இடம்

கம்பைல் செய்வது மிஷின் பார்த்துக்கொள்ளும் வேலை. நம் வேலை, எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று எந்த நேரத்திலும் சொல்லத் தெரிந்திருப்பது. இதற்காக நான் விடாமல் கடைப்பிடிக்கும் வழக்கம், கட்டும் ஒவ்வொன்றுக்கும் ஹோம் ஃபோல்டருக்குள் தனி இடம் கொடுப்பது. 'ஆப்ட்' (opt) என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'ஸ்க்ரைபஸ்-1.6', 'கிம்ப்-3' என்று தனித்தனி ஃபோல்டர்கள். எங்கள் தெருவின் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளைப் போல, ஒரே கூரை, ஆனால் ஆளுக்கு ஒரு போர்ஷன். இந்த இடத்துக்குத்தான் ப்ரிஃபிக்ஸ் என்று பெயர்.

அட்மின் உரிமையோடு சிஸ்டத்துக்குள் இன்ஸ்டால் செய்யும் 'சூடோ மேக் இன்ஸ்டால்' கட்டளையை அடிக்கச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய உண்டு. அடிக்காதீர்கள். ப்ரிஃபிக்ஸ் சொல்லாமல் விட்டால் எல்லாம் சிஸ்டத்துக்குப் பொதுவான யூஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டருக்குப் போகும். அங்கே போன லைப்ரரியைச் சிஸ்டத்தின் மற்ற மென்பொருள்களும் எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு நாள் சம்பந்தமே இல்லாமல் பிடிஎஃப் ரீடர் திறக்காது. காரணம் கண்டுபிடிக்க அரை நாள் போகும். ஹோமுக்குள் கட்டினால் சூடோவுக்கே வேலை இல்லை. பிடிக்கவில்லையென்றால் ஃபோல்டரை அழித்துவிட்டால் போயிற்று.

கருவிகள்

டெபியன், உபுண்டு இரண்டிலும் 'பில்ட்-எசென்ஷியல்' என்ற பேக்கேஜைப் போட்டால் ஜிசிசி கம்பைலர், மேக் எல்லாம் வந்துவிடும். அதோடு சிமேக் (தேவையான லைப்ரரிகளைத் தேடி பில்டைத் தயார் செய்வது), நிஞ்ஜா-பில்ட் (பில்டை ஓட்டுவது), பிகேஜி-கான்ஃபிக் (லைப்ரரி எங்கே என்று சொல்வது), கிட் (சோர்ஸை இறக்குவது), சிகேஷ் (ஏற்கெனவே கம்பைல் செய்ததை நினைவில் வைப்பது) போதும். சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான், அதிலும் இதே முறை. கிம்ப் கட்டுவதானால் சிமேக்கைப் போன்ற இன்னொரு கருவியான மெஸானும் வேண்டும். உங்கள் டிஸ்ட்ரோவின் மெஸான் பழையது என்று கிம்ப் மறுத்தால், சிஸ்டம் பைத்தானில் பிப் (பைத்தான் பேக்கேஜ்களைப் போடும் கருவி) வைத்து மாற்ற முயலாதீர்கள். டெபியன் 12 அதை அனுமதிக்காது, அனுமதிக்காததும் சரிதான். பிப்எக்ஸ் வழியாக உங்களுக்கு மட்டும் புதிய மெஸானைப் போட்டுக்கொள்ளலாம்.

டிபெண்டன்சியைத் தேடுவது

டிபெண்டன்சி என்றால் ஒரு மென்பொருளைக் கட்டத் தேவைப்படும் மற்ற லைப்ரரிகள். பலரும் சோர்ஸை இறக்கியதும் சிமேக்கை ஓட்டுவார்கள். ஒரு பிழை வரும். அந்தப் பெயரைத் தேடி ஒரு பேக்கேஜைப் போடுவார்கள். மறுபடி ஓட்டுவார்கள், அடுத்த பிழை. இப்படி ஒவ்வொன்றாகப் போவதில் ஒரு பெரிய குறை இருக்கிறது, அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

டெபியனில் அந்த மென்பொருளின் பழைய பதிப்பு ஏற்கெனவே பேக்கேஜாக இருந்தால், அதைக் கட்ட என்னென்ன தேவைப்பட்டது என்ற பட்டியலும் இருக்கும். பேக்கேஜ்களை இறக்கும் ஆப்ட் (apt) கருவியிடம் 'சூடோ ஆப்ட் பில்ட்-டெப் ஸ்க்ரைபஸ்' என்று அடித்தால் அத்தனையும் ஒரே மூச்சில் இறங்கும். சோர்ஸ் களஞ்சியம் இயக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் வரியிலேயே முறையிடும். ஆப்டின் சோர்ஸஸ் ஃபைலில் 'டெப்' வரிக்குக் கீழே 'டெப்-எஸ்ஆர்சி' வரியைச் சேருங்கள். உபுண்டு 24.04இல் ஃபைலின் வடிவம் வேறு. அங்கே 'டைப்ஸ்' என்ற வரியில் 'டெப்'புக்குப் பக்கத்தில் 'டெப்-எஸ்ஆர்சி' என்று சேர்த்தால் போதும். அப்புறம் ஒரு ஆப்ட் அப்டேட். ஃபெடோராவில் இதே வேலையை 'டிஎன்எஃப் பில்ட்டெப்' செய்யும்.

1.5.8க்கான பட்டியல் 1.6க்குப் பெரும்பாலும் பொருந்தும். மிச்சம் ஒன்றிரண்டைக் கையால் தேட வேண்டியிருக்கும். அதற்கு ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். டெபியனில் ஒரு லைப்ரரி இரண்டாகப் பிரிந்து வரும். நிரல் ஓடும்போது தேவைப்படுவது ஒரு பேக்கேஜில் இருக்கும். கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் ஃபைல்களும் (லைப்ரரிக்குள் என்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்பவை), '.பிசி' என்று முடியும் சின்னக் குறிப்பு ஃபைலும் '-டெவ்' என்று முடியும் இன்னொரு பேக்கேஜில் இருக்கும். "ஹார்ஃப்பஸ் ஏற்கெனவே இருக்கிறதே, ஏன் இல்லை என்கிறது?" என்று கேட்பவர்களிடம் இல்லாதது அந்த டெவ் பேக்கேஜ்தான்.

அந்தப் பிசி ஃபைலைத் திறந்து பாருங்கள், ஒரு பக்கம்கூட இருக்காது. லைப்ரரியின் பெயர், பதிப்பு எண், ப்ரிஃபிக்ஸ், ஹெடர் இருக்கும் இடம், லிங்க் செய்யும்போது, அதாவது கம்பைல் ஆன துண்டுகளை லைப்ரரிகளோடு இணைக்கும்போது, கொடுக்க வேண்டிய சொற்கள். பிகேஜி-கான்ஃபிக் இதைப் படித்துத்தான் சிமேக்குக்கும் மெஸானுக்கும் பதில் சொல்கிறது. அதனால் சந்தேகம் வந்தால் பில்டை விட்டுவிட்டு நேராக பிகேஜி-கான்ஃபிக்கையே கேளுங்கள். 'பிகேஜி-கான்ஃபிக் --மாட்வெர்ஷன் ஹார்ஃப்பஸ்' என்றால் எந்தப் பதிப்பு என்று சொல்லும். '--வேரியபிள்=ப்ரிஃபிக்ஸ்' என்று சேர்த்தால் எங்கே இருக்கிறது என்று சொல்லும். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வாங்காமல் நான் எந்த டிபெண்டன்சிப் பிழையையும் தொடுவதில்லை.

பெயர் தெரிகிறது, எந்த பேக்கேஜ் என்று தெரியவில்லை என்றால் ஆப்ட்-ஃபைல் கருவி இருக்கிறது. 'ஆப்ட்-ஃபைல் சர்ச் ஹார்ஃப்பஸ்.பிசி' என்று கேட்டால் அந்த ஃபைலைக் கொண்ட பேக்கேஜின் பெயரைக் காட்டும். இணையத்தில் தேடிப் பழைய பதில்களில் அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

"முடிந்தது" என்று சிமேக் சொன்னால் போதாது

இப்போது அந்தப் பெரிய குறைக்கு வருகிறேன். என்னிடம் பகுதி நேரமாக வேலை பார்க்கும் கல்லூரித் தம்பி ஒருவர் தன் லேப்டாப்பில் ஸ்க்ரைபஸைக் கட்டினார். பில்ட்-டெப் போடவில்லை, பிழை வரவர ஒவ்வொன்றாகப் போட்டார். ஒரு கட்டத்தில் சிமேக் பிழையில்லாமல் முடிந்தது, கம்பைலும் முடிந்தது. ஆண்டர்சன் தெருவிலிருந்து ஒரு வாடிக்கையாளர் பழைய பேஜ்மேக்கர் ஃபைல் ஒன்றை அனுப்பியிருந்தார்.

"அக்கா, எல்லாம் சரியா முடிஞ்சுது. ஆனா இந்த ஃபைலை மட்டும் திறக்க மாட்டேங்குது."

"சிமேக் என்ன சொல்லுச்சுன்னு முழுசா படிச்சீங்களா தம்பி?"

"எரர் எதுவும் இல்லையேக்கா."

எரர் இல்லைதான். ஸ்க்ரைபஸில் டிபெண்டன்சி இரண்டு வகை. ஃப்ரீடைப், கெய்ரோ, ஹார்ஃப்பஸ் போன்றவை இல்லாவிட்டால் சிமேக் நின்றுவிடும். பேஜ்மேக்கர், கோரல்டிரா, ஃப்ரீஹேண்ட், பப்ளிஷர் ஃபைல்களைத் திறக்கும் லைப்ரரிகள் அப்படியல்ல. அவை இல்லாவிட்டால் "இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு, அந்த வசதியைக் கழற்றிவிட்டு மேலே போய்விடும். ஓடும் நூறு வரிகளுக்கு நடுவே அந்த ஒரு வரி கண்ணில் படாது. பிழையை மட்டுமே பின்தொடர்ந்து போகிறவருக்குக் கட்டாயமானவை மட்டும் கிடைக்கும், விருப்பத்துக்குரியவை எல்லாம் நழுவிவிடும்.

சென்னை அச்சகங்களில் ஒரு தலைமுறை வேலை முழுக்க பேஜ்மேக்கரில் நடந்தது. அந்த ஃபைல்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 'லிப்பேஜ்மேக்கர்-டெவ்' இல்லாத ஸ்க்ரைபஸ் எங்களுக்குப் பாதி ஸ்க்ரைபஸ்தான். (திறந்த பிறகும் எழுத்து யூனிகோடில் இருக்காது. 1999இல் தமிழ்நாடு அரசு அறிவித்த டாம், டாப் குறியேற்றங்களோ, வேறு எதுவோ இருக்கும். அதை மாற்றுவது தனி வேலை.)

அதனால் சிமேக்கை ஓட்டும்போதே அது சொல்வதை ஒரு ஃபைலில் பிடித்துவையுங்கள். கட்டளைக்குப் பின்னால் ஒரு குழாய்க் குறி போட்டு 'டீ கான்ஃபிக்.டெக்ஸ்ட்' என்று சேர்த்தால் திரையிலும் வரும், ஃபைலிலும் விழும். அப்புறம் அந்த ஃபைலில் 'நாட் ஃபவுண்ட்' என்று தேடுங்கள். வரும் ஒவ்வொரு வரிக்கும் "இது எனக்கு வேண்டுமா?" என்று பதில் சொல்லிவிட்டு மட்டும் கம்பைலுக்குப் போங்கள். மெஸான் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை: பல திட்டங்களில் கடைசியில் எது இருக்கிறது, எது இல்லை என்று பட்டியலே போட்டுக் கொடுக்கும்.

சிமேக்குக்கு நான் கொடுப்பது இவ்வளவுதான்: சோர்ஸ் ஃபோல்டர் எது என்று '-எஸ்', பில்ட் ஃபோல்டர் எது என்று '-பி', நிஞ்ஜா வேண்டும் என்று '-ஜி', 'சிமேக் இன்ஸ்டால் ப்ரிஃபிக்ஸ்' மாறிக்கு என் ஃபோல்டரின் முழுப்பாதை, கம்பைலர் லாஞ்சர் மாறிக்கு சிகேஷ். பில்ட் ஃபோல்டர் எப்போதும் சோர்ஸுக்கு வெளியே தனியாக இருக்கட்டும்.

வேண்டாத இடத்திலிருந்து வரும் லைப்ரரி

கல்லூரி மாணவர்களின் லேப்டாப்களில் அடிக்கடி பார்ப்பது இது. பைத்தான் பாடத்துக்காக அனகோண்டா போட்டிருப்பார்கள். டெர்மினலைத் திறந்ததும் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பேஸ்' என்று தெரியும். அந்த நிலையில் சிமேக்கை ஓட்டினால், 'பாத்' மாறியில் இருக்கும் பின் ஃபோல்டர்களுக்கு ஒரு படி மேலேயும் சிமேக் லைப்ரரிகளைத் தேடும். அனகோண்டாவுக்குள் க்யூடி, ஐசியூ, லிப்பிஎன்ஜி எல்லாமே இருக்கின்றன. பாதி அங்கிருந்தும் பாதி சிஸ்டத்திலிருந்தும் எடுத்துக்கொண்டு, லிங்க் கட்டத்தில் விளங்காத பிழைகளாகக் கொட்டும். 'காண்டா டீஆக்டிவேட்' செய்துவிட்டு, பில்ட் ஃபோல்டரை முழுசாக அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ஏன் அழிக்க வேண்டும்? சிமேக் ஒருமுறை கண்டுபிடித்த பாதையைத் தன் கேஷ் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும். நீங்கள் சூழலை மாற்றினாலும், புதிய பதிப்பை வேறு இடத்தில் கட்டி வைத்தாலும், அது பழைய பாதையையே பிடித்துக்கொண்டிருக்கும். சிமேக் 3.24 முதல் '--ஃபிரெஷ்' என்ற சொல் இருக்கிறது, அதுவும் இதே வேலையைச் செய்யும்.

கம்பைல் ஓடும்போது

எட்டு ஜிபி ராம் உள்ள மிஷினில் '-ஜே4' போதும், ஒரே நேரத்தில் நான்கு வேலை ஓடும். நிஞ்ஜாவை அதன் போக்கில் விட்டால் இருக்கும் கோர்களை எல்லாம் நிரப்பிவிடும். க்யூடி, பூஸ்ட் ஹெடர்களை இழுக்கும் சி++ ஃபைல்கள் சில, ஒவ்வொன்றும் தனியாகவே நிறைய ராமைச் சாப்பிடும். திரையில் 'கில்ட் சிக்னல்', பக்கத்திலேயே 'சிசி1பிளஸ்' என்று வந்தால் கோடில் பிழை தேடாதீர்கள். ராம் தீர்ந்துபோய்க் கர்னல் கம்பைலரை நிறுத்தியிருக்கிறது. 'ஜர்னல்சிடிஎல் -கே' என்று பார்த்தால் அதில் எழுதியிருக்கும். எண்ணைக் குறைத்து மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ரிச்சி தெருவில் பழைய ராம் ஒன்று வாங்கிப் போடுவதும் நல்ல வழிதான்.

கத்திரி வெயிலில் லேப்டாப் சூட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரிய பில்டை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கரண்ட் போனால் வேறு ஒரு தொல்லை. பாதியில் நின்ற ஆப்ஜெக்ட் ஃபைல் (ஒரு சோர்ஸ் ஃபைல் கம்பைல் ஆனதும் கிடைக்கும் துண்டு) வெறும் பூஜ்ய பைட்டோடு டிஸ்க்கில் இருக்கும். கரண்ட் வந்து தொடர்ந்தால் லிங்க் கட்டத்தில் 'ஃபைல் ஃபார்மட் நாட் ரெகக்னைஸ்டு' என்று வரும். பில்ட் ஃபோல்டரில் '.ஓ' என்று முடியும் பூஜ்ய அளவு ஃபைல்களை ஃபைண்ட் கட்டளையால் தேடி அழித்துவிட்டுத் தொடருங்கள். சிகேஷ் இருப்பதால் பில்ட் ஃபோல்டரையே அழித்துக் கட்டினாலும் சீக்கிரம் முடிந்துவிடும்.

பிழை எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். 'நோ சச் ஃபைல்' என்று ஒரு ஹெடரின் பெயர் வந்தால் டெவ் பேக்கேஜ் இல்லை. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்றால் ஹெடர் ஒரு பதிப்பிலிருந்தும் லைப்ரரி இன்னொரு பதிப்பிலிருந்தும் வந்திருக்கலாம். காண்டா கதையை நினைத்துப் பாருங்கள். எல்லாம் கட்டி முடித்து, ஓட்டும்போது 'எரர் வைல் லோடிங் ஷேர்ட் லைப்ரரிஸ்' என்றால் லைப்ரரி இருக்கிறது, தேடும் இடம்தான் தெரியவில்லை. பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடுவதால் திரையின் கடைசி வரி உண்மையான பிழையாக இருக்காது. மேலே போய் முதல் பிழையைப் படியுங்கள். தெளிவில்லை என்றால் '-ஜே1' போட்டு ஓட்டுங்கள்.

ஒரு பிழையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்க்ரைபஸ் பிடிஎஃப் இறக்குமதிக்கு பாப்ளர் என்ற பிடிஎஃப் லைப்ரரியின் உள் ஹெடர்களைப் பயன்படுத்துகிறது. டெபியனில் 'லிப்பாப்ளர்-பிரைவேட்-டெவ்' என்று தனியாகவே இருக்கும். உள் ஹெடர் என்பதால் பாப்ளர்காரர்கள் அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள், அது அவர்கள் உரிமை. ஆகவே பழைய ஸ்க்ரைபஸைப் புதிய டிஸ்ட்ரோவில் கட்டினால் 'எஸ்எல்ஏஅவுட்புட்' என்ற ஃபைலில் பிழைகள் கொட்டலாம். பாப்ளரைப் பழையதாக்க முயலாதீர்கள்; எவின்ஸ், ஆக்குலர் போன்ற பிடிஎஃப் ரீடர்கள் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஸ்க்ரைபஸின் அடுத்த சிறு பதிப்பை எடுங்கள். இல்லையென்றால் 'ஆப்ட் சோர்ஸ் ஸ்க்ரைபஸ்' செய்து டெபியன் ஃபோல்டருக்குள் இருக்கும் பேட்ச்களை (கோடில் செய்த திருத்தங்களை) பாருங்கள். உங்களுக்கு வந்த அதே பிழையை டெபியன் பராமரிப்பாளர் யாராவது ஏற்கெனவே தீர்த்து வைத்திருப்பார். அந்தப் பேட்ச்களைப் படிப்பதே ஒரு பெரிய கல்வி.

சிஸ்டத்தின் லைப்ரரி பழையதாக இருந்தால்

கிம்ப் 3 இதற்குச் சரியான உதாரணம். அதற்கு பேபிள், ஜெகில் என்ற இரண்டு லைப்ரரிகள் புதிய பதிப்பில் வேண்டும், டெபியன் 12இல் இருப்பவை போதாது. வரிசை முக்கியம்: முதலில் பேபிள், அடுத்து ஜெகில், கடைசியில் கிம்ப். மூன்றுக்கும் ஒரே ப்ரிஃபிக்ஸ். பேபிளைக் கட்டி இன்ஸ்டால் செய்ததும், 'பிகேஜி_கான்ஃபிக்_பாத்' மாறியில் அந்த ப்ரிஃபிக்ஸின் பிகேஜிகான்ஃபிக் ஃபோல்டரைச் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டு 'மாட்வெர்ஷன்' கேட்டுப் பாருங்கள், புதிய எண் வந்தால்தான் ஜெகிலுக்குப் போகலாம்.

இங்கே ஒரு சிக்கல் பலரையும் தடுக்கிறது. டெபியனில் மெஸான், லைப்ரரிகளை 'லிப்' ஃபோல்டருக்குள் எக்ஸ்86_64 என்று தொடங்கும் துணை ஃபோல்டரில் வைக்கும். சிமேக்கோ ஹோம் ப்ரிஃபிக்ஸில் நேராக 'லிப்'பிலேயே வைக்கும். பாதையைத் தவறாகச் சேர்த்துவிட்டு "கட்டினேன், ஆனால் கண்டுபிடிக்கவில்லை" என்று உட்கார்ந்திருப்பார்கள். மெஸானுக்கு '--லிப்டிர்=லிப்' என்று சொல்லிவிட்டால் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்துவிடும்.

கிம்புக்கு இன்னும் சில மாறிகள் வேண்டும்: 'எல்டி_லைப்ரரி_பாத்', 'எக்ஸ்டிஜி_டேட்டா_டிர்ஸ்', 'ஜிஐ_டைப்லிப்_பாத்'. இவற்றை, டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பேஷ்ஆர்சி ஃபைலில் எழுதாதீர்கள், எழுதினால் எல்லா மென்பொருளுக்கும் போய்ச் சேரும். ஒரு சின்ன ஸ்கிரிப்டில் எழுதி, கிம்ப் கட்டும் டெர்மினலிலும் கிம்பைத் தொடங்கும்போதும் மட்டும் ஏற்றுங்கள். கிட்டிலிருந்து எடுப்பவர்கள் '--ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ்' சேர்க்க மறக்க வேண்டாம்.

கட்டிய பின்

இன்ஸ்டால் ஆனதும் 'எல்டிடி' கட்டளைக்கு அந்த நிரலின் பாதையைக் கொடுங்கள். எந்த லைப்ரரி எந்த ஃபோல்டரிலிருந்து வருகிறது என்று வரிவரியாகக் காட்டும். 'நாட் ஃபவுண்ட்' ஒன்றுகூட இருக்கக் கூடாது, நீங்கள் எதிர்பாராத ஃபோல்டரின் பெயரும் இருக்கக் கூடாது.

அப்புறம் தமிழ்ச் சோதனை. ஒரு புதிய பக்கத்தில் கெ, கே, கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ எல்லாவற்றையும் இரண்டு மூன்று எழுத்துருக்களில் அடித்து, பிடிஎஃப் எடுத்து, அதை வேறு ரீடரில் திறந்து நானூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்ப்பேன். வாடிக்கையாளரின் பேஜ்மேக்கர் ஃபைல் ஒன்றையும் திறந்து பார்ப்பேன். இதெல்லாம் சரியாக வந்த பின்புதான் கடை வேலைக்கு எடுப்பேன்.

சோர்ஸ் பதிப்பு எண், போட்ட பேக்கேஜ்கள், சிமேக்குக்குக் கொடுத்த வரி, சேர்த்த பேட்ச் எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலாக அந்த ப்ரிஃபிக்ஸுக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். சிமேக் தன் பில்ட் ஃபோல்டரில் எழுதும் 'இன்ஸ்டால் மேனிஃபெஸ்ட்' ஃபைலையும் பக்கத்தில் நகலெடுத்து வைப்பேன், எந்தெந்த ஃபைல் இன்ஸ்டால் ஆனது என்பது அதில் இருக்கும். சிஸ்டத்தை டெபியனின் அடுத்த பதிப்புக்கு ஏற்றினால் பழைய பில்ட் ஓடாமல் போகலாம். அப்போது அந்த ஸ்கிரிப்டை ஓட்டிப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். புதியதில் ஒரு இதழ் முழுசாக அச்சுக்குப் போகும் வரை பழைய ஃபோல்டரை விட்டுவையுங்கள். போன பின் அழித்துவிடலாம்.